கிளாசிக் நாவல்களை இன்றைய காலத்துக்கு மாற்றி எழுதுகிறார்கள், ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது?

வேப்பங்காற்று:

இது ஒரு புலம்பல் இழை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதை முடிவுகளும் வெளியே வரும், படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களையும் இன்றைய எழுத்தாளர்களிடம் கொடுத்து இன்றைய காலத்தில் நடப்பதாக எழுத வைப்பது என்று ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு திட்டம் போட்டது. 2013இல் ஜோவன்னா டிரோலோப் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', 2014இல் வால் மெக்டெர்மிட் 'நார்த்தாங்கர் ஆபி', அதே வருஷம் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் 'எம்மா', 2016இல் கர்ட்டிஸ் சிட்டன்ஃபெல்ட் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ஸை எடுத்து 'எலிஜிபிள்' என்ற பெயரில். மிச்சம் இரண்டு வரவேயில்லை. வந்த நான்கையும் காசு கொடுத்து வாங்கிப் படித்தேன். யாரும் கத்துக்குட்டி இல்லை, எல்லோரும் பேர் பெற்றவர்கள், ஆனாலும் ஒன்றுகூட மனசில் ஒட்டவில்லை.

ஏன் என்று ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறேன். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் இரண்டாம் அத்தியாயம் ஞாபகம் இருக்கிறதா? அப்பா சாகும்போது ஜான் டாஷ்வுட் சத்தியம் செய்து கொடுக்கிறான், சிற்றன்னையையும் மூன்று தங்கைகளையும் கைவிட மாட்டேன் என்று. தலைக்கு ஆயிரம், மொத்தம் மூவாயிரம் பவுண்டு கொடுப்பதாக மனசுக்குள் முடிவும் செய்துவிடுகிறான். அப்புறம் அவன் மனைவி ஃபேன்னி பேச ஆரம்பிக்கிறாள். சண்டை இல்லை, குரல்கூட உயரவில்லை. நம் பிள்ளையின் பணத்தை எடுத்துப் பாதி ரத்த உறவுக்குக் கொடுப்பதா என்கிறாள். மூவாயிரம் பாதியாகிறது. பிறகு, மொத்தமாகக் கொடுப்பதைவிட அம்மாவுக்கு வருஷம் நூறு கொடுத்துவிடலாமே என்று அவனே இறங்குகிறான். ஐயோ, வருஷாந்திரப் பணம் என்று எழுதிக் கொடுத்தால் ஆட்கள் சாகவே மாட்டார்கள், உன் சிற்றன்னைக்கு நாற்பதுகூட ஆகவில்லை, திடகாத்திரமாக வேறு இருக்கிறாள் என்கிறாள். நூறு, எப்போதாவது ஐம்பது என்று ஆகிறது. கடைசியில் உன் அப்பா பணத்தையே மனசில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார், வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான் ஏற்ற உதவுவது, பருவத்தில் மீனோ வேட்டைக்கறியோ கொடுத்தனுப்புவது, இவ்வளவுதான் அவர் சொன்னது என்று முடிக்கிறாள். அதற்கும் மேலே, அவர்கள் எடுத்துப்போகும் காலையுணவுப் பீங்கான் செட் நம் வீட்டில் இருப்பதைவிட அழகு என்று ஒரு வயிற்றெரிச்சல்! மூவாயிரம் பவுண்டு மீனாக மாறும் வரை அந்த ஆள் தன்னை நல்லவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இது சிரிப்பும் வருகிற, பயமும் வருகிற இடம். பயம் ஏன் என்றால் அந்த நான்கு பெண்களுக்கும் வேறு வழியே கிடையாது. எல்லாம் சேர்த்து அவர்கள் கையில் பத்தாயிரம் பவுண்டு முதல், அதிலிருந்து வருஷத்துக்கு ஐந்நூறு வட்டி. வேலைக்குப் போக முடியாது. கல்யாணம் ஒன்றுதான் கதவு, அந்தக் கதவுக்கும் சீதனம் வேண்டும்.

டிரோலோப்பின் நாவலில் அந்தத் தங்கைகளில் மூத்தவள் எலினார் கட்டிடக்கலை படிக்கிற பெண். அடுத்தவள் மரியான் ஆஸ்துமாக்காரி. அவளுக்கு நேரும் அவமானம் யூடியூபில் ஏறுகிறது. சரி, காலத்துக்கு ஏற்ற மாதிரிதான். ஆனால் 2013 இங்கிலாந்தில் வீடு போனால் என்ன ஆகும்? வேலை தேடலாம், வாடகைக்குப் போகலாம், கடன் வாங்கலாம். அந்த அம்மாவைப் பார்த்தால் பாவமாக இல்லை, நாலு நாள் எழுந்து வேலைக்குப் போங்களேன் என்று தோன்றுகிறது! ஆஸ்டின் நம்மை அவர்கள் பக்கம் நிற்க வைத்தார், இந்த நாவல் ஃபேன்னி பக்கம் நிற்க வைத்துவிடுகிறது. இது டிரோலோப் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை.

எலினார் விரும்பும் எட்வர்ட் கதையும் அப்படியே. மூலத்தில் அவன் சின்ன வயசில் லூசி ஸ்டீலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான், அதை ஆண் முறித்தால் மானம் போகும், கோர்ட்டுக்கும் இழுக்கலாம். அதனால்தான் அவன் வாயைத் திறக்காமல் நிற்கிறான், அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. இன்றைய ஆள் அதே மாதிரி நின்றால் அவனுக்குப் பெயர் முதுகெலும்பில்லாதவன்.

சம்பவங்களை எல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் சம்பவங்களை நடக்க வைத்த பிடி மட்டும் வரவில்லை. என் மனக்குறை அதுதான்.

தேரடி:

இவ்வளவு கணக்குப் பார்த்தால் எதையுமே ரசிக்க முடியாது நண்பரே. ரயிலில் படிக்க நன்றாக இருக்கிறதா இல்லையா, அதோடு விடுங்கள். என் அக்கா மகள் 'எலிஜிபிள்' படித்த பிறகுதான் மூல நாவலைத் தேடி எடுத்தாள். இல்லாவிட்டால் அவள் 1813ஆம் வருஷத்துப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

வேப்பங்காற்று:

@தேரடி, உங்கள் அக்கா மகள் மூலத்துக்குப் போனது சந்தோஷம்தான். ஆனால் ஒரு புத்தகத்தின் தகுதி இன்னொரு புத்தகத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது என்றால் அதைத் தனியாக எதற்கு நாவல் என்று விற்க வேண்டும்?

பழையபேப்பர்:

கம்பன் செய்யாததையா இவர்கள் செய்துவிட்டார்கள்? வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பனில் தொடவே இல்லை, பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். ஊருக்கும் காலத்துக்கும் தகுந்தபடி மாற்றிச் சொல்வது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. மூலம் மூலம் என்று பிடித்துத் தொங்குவது வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்துப்போன வியாதி.

நூலகப்பூனை:

@பழையபேப்பர் ஐயா, அந்த உதாரணம் வேப்பங்காற்று சொல்வதைத்தான் நிரூபிக்கிறது. கம்பன் அந்த ஒரு இடத்தை மாற்றியதற்குப் பின்னால் அவன் காலத்துக் கேள்வி ஒன்று இருந்தது, மாற்றியதும் காட்சியின் வேகம் குறையவில்லை. அதோடு அவன் தன் பாட்டுக்குத் தன் விருத்தத்தில் பாடினான். வால்மீகி சுலோகத்தைச் சுருக்கி உரைநடையில் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

ஆஸ்டினை மாற்றி எழுதுகிறவர்களிடம் எனக்கு இருக்கும் குறை வேறு. கதை சொல்லும் குரல். ஆஸ்டினில் பாதிச் சுகம் அந்தக் குரலில்தான் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் புகுந்து அவள் நினைப்பது மாதிரியே சொல்லிக்கொண்டு போவார், அதே வரியில் அவளைக் கிண்டலும் செய்துவிடுவார். எம்மா தன்னைப் பற்றி நினைப்பதெல்லாம் நமக்கு நியாயமாகத் தோன்றி, ஐம்பது பக்கம் தாண்டித்தான் நாமும் ஏமாந்தோம் என்று தெரியும். மெக்கால் ஸ்மித்தின் எம்மா மினி கூப்பர் ஓட்டுகிறாள், உள் அலங்காரம் படித்திருக்கிறாள், எல்லாம் சரி. ஆனால் ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இவள் இப்படிப்பட்டவள், இதனால் இப்படிச் செய்தாள் என்று விளக்கிக்கொண்டே வருகிறார். நாம் ஏமாறுவதற்கு இடமே இல்லை.

செல்லம்மா_வாசகி:

அப்படியென்றால் 'க்ளூலெஸ்' படத்தை என்ன சொல்வீர்கள்? 1995இல் ஏமி ஹெக்கர்லிங் எடுத்தது. பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கூடத்தில் நடக்கும் 'எம்மா'. பெயர்கூட மாற்றிவிட்டார், எம்மாவுக்கு ஷேர் என்று பெயர். ஆனால் பாருங்கள்.

மூலத்தில் பாக்ஸ் ஹில் சுற்றுலா. எல்லோரும் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும், ரொம்ப புத்திசாலித்தனமாக ஒன்று, இல்லையென்றால் சுமாராக இரண்டு, அதுவும் இல்லையென்றால் மகா அசட்டுத்தனமாக மூன்று என்று ஒரு விளையாட்டு. மிஸ் பேட்ஸ் பாவம், வெள்ளந்தி, நான் வாயைத் திறந்தாலே அசட்டுத்தனமாக மூன்று வந்துவிடுமே என்கிறாள். எம்மா, ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்கிறாள். மிஸ் பேட்ஸுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் முகம் சிவக்கிறது, கோபப்படக்கூட அவளுக்குத் தெரியவில்லை. திரும்பும் நேரத்தில் குடும்ப நண்பர் நைட்லி எம்மாவைப் பிடித்துக் கேட்கிறார். அவள் உனக்குச் சமமான வசதிக்காரியாக இருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நொடித்துப்போன ஏழையிடமா இதைச் சொல்வது என்று.

படத்தில் அந்த இடத்துக்கு ஹெக்கர்லிங் என்ன வைத்தார்? வீட்டு வேலைக்காரி லூசி. தோட்டக்காரனிடம் ஏதோ சொல்லச் சொல்கிறாள் ஷேர், நீங்களே சொல்லுங்கள் என்கிறாள் லூசி, எனக்கு மெக்ஸிகன் பேசத் தெரியாது என்று இவள் அலட்சியமாகச் சொல்ல, நான் ஒன்றும் மெக்ஸிகோக்காரி இல்லை என்று அவள் கத்திவிட்டுப் போய்விடுகிறாள். நைட்லியின் இடத்தில் இருக்கும் ஜோஷ் சொன்ன பிறகுதான் தெரிகிறது, இத்தனை காலம் வீட்டில் இருக்கும் லூசி எல் சால்வடார்க்காரி. சுற்றுலாவும் இல்லை, மிஸ் பேட்ஸும் இல்லை. ஆனால் வசதியுள்ள பெண் எதிர்த்துப் பேச முடியாத ஒருத்தியை யோசிக்காமல் குத்திவிடுகிறாள், அது அப்படியே இருக்கிறது. வேப்பங்காற்று சொன்ன பிடி என்பது இதுதானே? 1995 கலிபோர்னியாவில் அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

வேப்பங்காற்று:

@செல்லம்மா_வாசகி, அருமை அக்கா. சம்பவத்தை விட்டுவிட்டு அதன் அடியில் இருப்பதைத் தேடியிருக்கிறார். அந்த நாவல் வரிசையில் நான் தேடியதும் இதைத்தான்.

மதுரைக்காரன்:

அப்ப 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' பற்றி யாராவது பேசுங்கப்பா. 2000இல் ராஜீவ் மேனன் எடுத்தது, சுஜாதா வசனம். எலினாருக்கு தபு, மரியானுக்கு ஐஸ்வர்யா ராய், மரியானை விரும்பும் கர்னல் பிராண்டனுக்கு இலங்கைக்குப் போய்க் காலை இழந்து வந்த ராணுவக்காரராக மம்மூட்டி. எனக்கு ஆங்கில மூலத்தைவிட இதுதான் பிடிக்கும், திட்டினாலும் பரவாயில்லை.

ஏன் ஒட்டியது என்றால் உயில் எழுதி வீட்டை மகனுக்குக் கொடுப்பதும், பார்த்துக்கொண்ட மகள் குடும்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதும் நாம் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூத்தவள் ராசியில்லாதவள் என்று ஊரே பேசுவதும் அப்படித்தான். 2013 லண்டனில் செத்துப்போன சங்கதி 2000இல் காரைக்குடிப் பக்கம் உயிரோடு இருந்தது.

தேரடி:

@மதுரைக்காரன், அதில் தபு சென்னைக்கு வந்து மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிறாரே! மேலே வேப்பங்காற்று, வேலைக்குப் போகலாம் என்றால் கதையே செத்துவிடும் என்கிறார். இங்கே சாகவில்லையே?

வேப்பங்காற்று:

நல்ல கேள்விதான். என் பதில்: அந்தப் படத்தில் வேலை கிடைத்ததும் பணப் பிரச்சினை தீர்கிறது, கல்யாணப் பிரச்சினை தீரவில்லை. சம்பாதிக்கிற பெண்ணுக்கும் ராசி, ஜாதகம், ஊர் வாய் எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு பூட்டு திறந்தாலும் இன்னொன்று தொங்கியது. அதோடு ஸ்ரீகாந்த் பாத்திரத்தைப் பாருங்கள். மூலத்தில் மரியானின் காதலன் வில்லோபி பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ள மரியானை விடுகிறான். இங்கே அப்பாஸ் நடித்த அந்த ஸ்ரீகாந்த் சீட்டுக் கம்பெனி நடத்தி மூழ்குகிற ஆள். அந்தக் காலத்தில் சீட்டுக் கம்பெனியில் பணத்தை விட்டவர்கள் இல்லாத தெருவே நம் ஊரில் கிடையாது. இதெல்லாம் எழுதுகிறவர் சுற்றுமுற்றும் பார்த்து எடுத்தது.

நூலகப்பூனை:

'எலிஜிபிள்' விஷயத்தில் கொஞ்சம் நியாயமாக இருப்போம். சிட்டன்ஃபெல்ட் அந்தப் பிடியைத் தேடாமல் இல்லை. சின்சினாட்டியில் பென்னட் குடும்பம், அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை, காப்பீடு இல்லை, ஆஸ்பத்திரிக் கடனில் வீடு போகிற நிலைமை. மூலத்தில் இருந்த, சொத்து ஆண் வாரிசுக்குத்தான் என்ற ஏற்பாட்டுக்குப் பதிலாக அமெரிக்க மருத்துவச் செலவு. எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

வேப்பங்காற்று:

ஒத்துக்கொள்கிறேன், நான்கில் அதுதான் தேவலை. ஆனால் ஆஸ்பத்திரிக் கடனுக்கும், மூலத்து எலிசபெத்தின் இடத்தில் இருக்கும் லிஸ் டார்சியைக் கட்டிக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம்? அவளுக்கு 38 வயது, பத்திரிகையில் எழுதிச் சம்பாதிக்கிறாள். டார்சி மூளை அறுவை சிகிச்சை நிபுணர். இரண்டு பேரும் சேர்ந்தால் நல்லது, சேராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. மூலத்தில் எலிசபெத் டார்சியை முதலில் வேண்டாம் என்று சொல்லும்போது தன் தலைக்கு மேல் கூரையையும் சேர்த்துத்தான் வேண்டாம் என்கிறாள். கோபத்தில் சொல்கிறாள், ஆனால் விலை தெரிந்துதான் சொல்கிறாள்.

அப்புறம் ஷார்லெட் லூகாஸ். என்னைக் கேட்டால் அந்த நாவலின் உண்மையான கதாநாயகி அவள்தான். 27 வயது, அழகில்லை, பணமில்லை, காலின்ஸ் மாதிரி ஒரு அறுவையைக் கண்ணைத் திறந்துகொண்டே கட்டிக்கொள்கிறாள். எலிசபெத் அவள் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கவனிக்கிறாள். முன்பக்கம் நல்ல பெரிய அறை இருக்க, ஷார்லெட் ஏன் பின்பக்கத்துச் சின்ன அறையில் உட்காருகிறாள்? அந்த முன்அறையில் உட்கார்ந்தால் புருஷன் தன் அறையை விட்டு எழுந்து அங்கேயே வந்துவிடுவான். தோட்டவேலை உடம்புக்கு நல்லது என்று அவனை வெளியே வேறு விரட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு கல்யாண வாழ்க்கை முழுவதையும் எந்த அறையில் உட்காருவது என்பதில் சொல்லிவிட்டார் ஆஸ்டின். நவீன ஷார்லெட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் விவாகரத்து. அவளுக்கு நல்லது, நாவலுக்குக் கஷ்டகாலம்.

கடலோரக்கவி:

எல்லோரும் ஆஸ்டினிலேயே நிற்கிறீர்கள். திருப்பி எழுதுவது என்றாலே காலத்தை மாற்றுவது மட்டும்தானா? ஜீன் ரிஸ் 1966இல் 'வைட் சர்காஸோ சீ' எழுதினார். 'ஜேன் ஐர்' நாவலில் மாடியில் அடைத்து வைக்கப்பட்ட பைத்தியக்காரி, உறுமுவாள், கடிப்பாள், தீ வைப்பாள், அவ்வளவுதான் அவளுக்கு வேலை. ரிஸ் டொமினிக்கா தீவில் பிறந்தவர். அந்தப் பெண் கரீபியனிலிருந்து வந்தவள் என்று 'ஜேன் ஐர்' எழுதிய ஷார்லெட் பிராண்ட்டி ஒரு வரியில் தாண்டிப்போனதை இவரால் தாண்ட முடியவில்லை. அவளுக்கு அன்டுவானெட் என்று பெயர் கொடுத்து, ஜமைக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு நொடித்துப்போன ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில் பிறக்க வைத்தார். 'ஜேன் ஐர்'இல் அவளுக்கு இருக்கும் பெர்த்தா என்ற பெயரால் புருஷன்தான் அவளைக் கூப்பிட ஆரம்பிக்கிறான். அதைப் படித்த பிறகு 'ஜேன் ஐர்' எடுத்தால் அந்தப் புருஷன் ராச்செஸ்டர் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் சந்தேகமாக இருக்கிறது. திருப்பி எழுதியது மூலத்தையே மாற்றிவிட்டது!

நம்மிடம் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' இருக்கிறதே. இராமன் கால் பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் திரும்பவும் கல்லாகிறாள். அதைப் படித்துவிட்டு யாராலும் அகலிகை கதையைப் பழையபடி சொல்ல முடியாது.

செல்லம்மா_வாசகி:

@கடலோரக்கவி சொன்ன வரிசையில் பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' வரும். 2024இல் வந்தது, அமெரிக்க தேசியப் புத்தக விருது, அடுத்த வருஷம் புலிட்சர். 'ஹக்கிள்பெரி ஃபின்' கதையை அதில் வரும் அடிமை ஜிம் சொல்கிறான். மார்க் ட்வெய்னின் ஜிம் கொச்சையாகப் பேசுவான், எதையும் நம்புவான். இங்கே அந்தக் கொச்சை வெள்ளைக்காரர்களுக்காகப் போடும் வேஷம். ஆரம்பத்திலேயே ஜிம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். எஜமானி அம்மாவின் அடுப்படியில் தீப்பிடித்துவிட்டது, அதை எப்படிச் சொல்வீர்கள்? தீ என்று நேராகச் சொல்லக்கூடாது. ஐயோ அம்மா அங்கே பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும், தீ என்று பெயர் சொல்வது அவளாக இருக்க வேண்டும். எதையும் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்! சிரித்துக்கொண்டே படித்தேன், பிறகு சிரித்ததற்கே கூச்சமாக இருந்தது.

மதுரைக்காரன்:

கூடவே 'டீமன் காப்பர்ஹெட்'. பார்பரா கிங்சால்வர், 2022. டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' அப்படியே வர்ஜீனியா மலைப்பக்கத்துக்குப் போகிறது, வலி மாத்திரைக்கு அடிமையாகி ஊரே அழிகிற காலம். இது காலத்தை மாற்றின வகைதான், ஆனால் ஜெயித்துவிட்டது. டிக்கன்ஸ் காலத்தில் அநாதைப் பிள்ளையைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள், இங்கே அரசாங்கம் காசு கொடுத்து வளர்ப்பு வீட்டுக்கு அனுப்புகிறது, அங்கே புகையிலைத் தோட்டத்தில் பிள்ளையை வேலை வாங்குகிறார்கள். அந்தப் பையன் பேசுகிற பேச்சு இருக்கிறதே, டிக்கன்ஸ் சாயல் துளியும் இல்லை, சொந்தப் பேச்சு. பக்கம் மட்டும் ரொம்ப அதிகம், அதுவும் டிக்கன்ஸ் மாதிரியே போல.

தேரடி:

எனக்கு அது பாதிக்கு மேல் ஓடவில்லை. ஒரு பிள்ளைக்கு இத்தனை கஷ்டமா? மூலத்தில் நடுநடுவே மிகாபர் வந்து சிரிக்க வைப்பார். இதில் மூச்சுவிட இடமில்லை. விருது வாங்கியது என்பதற்காக எல்லாம் தலையாட்ட முடியாது.

பழையபேப்பர்:

நான் இன்னும் கம்பனை விடவில்லை. மூலத்தை முழுசாகத் தெரிந்தவர்களுக்காகக் கம்பன் பாடினான், கேட்கிறவனுக்குக் கதை ஏற்கெனவே தெரியும். 'க்ளூலெஸ்' பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு 'எம்மா' தெரியாது, தெரியாமலேயே ரசிக்கிறது. இது இரண்டும் ஒன்றா? வேப்பங்காற்றின் ஏமாற்றத்துக்குப் பாதிக் காரணம் அவர் மூலத்தை வரிக்கு வரி மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பெண் பார்க்கப் போய்விட்டு அவள் பாட்டியின் பழைய போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பெண்தான் பிடிக்கும்?

வேப்பங்காற்று:

ஹாஹா, வாங்கிக்கொண்டேன் ஐயா. ஆனால் மூலத்தின் பெயரை அட்டையில் பெரிதாகப் போட்டு விற்பது அவர்கள்தான், பாட்டியின் போட்டோவை என் கையில் திணித்ததும் அவர்கள்தான். ஹெக்கர்லிங் எங்கேயும் 'எம்மா' என்று பலகை மாட்டவில்லை. டிரோலோப்பின் புத்தகத்துக்குத் தலைப்பே 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'.

நூலகப்பூனை:

எனக்கு உறுத்துவது வராமல் போன இரண்டு. 'பெர்சுவேஷன்' போகட்டும். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' 1814இல் வந்தது, இன்றைக்குத் திருப்பி எழுத அதைவிடப் பொருத்தமான ஆஸ்டின் நாவல் கிடையாது. சர் தாமஸ் பெர்ட்ரமுக்கு ஆன்டிகுவாவில் தோட்டம், அதாவது அடிமை உழைப்பு. கதாநாயகி ஃபேன்னி பிரைஸ் அடிமை வியாபாரம் பற்றி அவரிடம் கேட்டதாகவும், மற்றவர்கள் எல்லாம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததாகவும் போகிற போக்கில் இரண்டு வரி வரும். இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் இந்த நாவலில் ஆன்டிகுவா இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினார். 1999இல் பட்ரீசியா ரோசெமா படமாக எடுத்தபோது அடிமைகளை நேராகவே உள்ளே கொண்டுவந்தார்.

கடலோரக்கவி:

@நூலகப்பூனை, அதை ஆன்டிகுவாவிலிருந்து யாராவது எழுத வேண்டும். சர் தாமஸ் அங்கே போய்விட்டு வருகிற காலத்தில் அந்த ஊரில் என்ன நடந்தது என்று மூலத்தில் ஒன்றுமே இல்லை. இங்கிலாந்து வீட்டில் பிள்ளைகள் நாடகம் போட்டுக்கொண்டிருப்பார்கள், அதற்கே அந்த மனிதர் திரும்பி வந்து குதிப்பார்.

தேரடி:

இதை எழுதினால் நானும் படிப்பேன். நானூறு பக்கத்துக்குள் முடித்தால்.

வேப்பங்காற்று:

எழுதுகிறவர் அந்த நாடக ஒத்திகைப் பகுதியைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம். அதையும் ஆன்டிகுவாவையும் மாற்றி மாற்றி வைத்தாலே போதும், பாதி நாவல் தானாக வந்துவிடும். 'ஜேம்ஸ்' இன்னும் நான் படிக்கவில்லை, செல்லம்மா அக்கா சொன்ன அடுப்படிப் பாடத்துக்காகவே இந்த வாரம் எடுக்கிறேன்.

மதுரைக்காரன்:

அதற்கு முன் 'ஹக்கிள்பெரி ஃபின்'னைத் திருப்பிப் படிக்காதீங்க. அப்புறம் வந்து இன்னொரு புலம்பல் இழை போடுவீங்க.